மூன்று நொடி

மனித மனம் என்றால் என்ன, இயந்திரத்துக்கு அது வாய்க்குமா என்று பதினோரு அறிஞர்கள் மூன்று நாள் குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்து பேசினார்கள். நாலாம் நாள் அவரவர் பெட்டியை இழுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்கள். கேள்வி மட்டும் ஊர் போகவில்லை. அது இருபத்தாறு மணி நேர ஒலிப்பதிவாக, ஒரு பதிப்பகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேசையில் வந்து இறங்கியது. அந்த மேசைக்குச் சொந்தக்காரி கமாக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முப்பத்தொரு வருஷமாகப் பிறர் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது அவள் தொழில். ஒரு கால்புள்ளி போடுவதற்குக் கூட ஒலிப்பதிவைப் பின்னால் ஓட்டி, பேசியவர் அங்கே உண்மையிலேயே மூச்சு வாங்கினாரா என்று பார்ப்பாள். "மூச்சு விடாதவருக்கு நான் எதுக்குக் கமா போடணும்?" என்று ஒரு நாள் கேட்டு வைத்தாள். அன்றோடு பெயர் போனது, கமாக்கா வந்தது. முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு தொலைபேசியிலேயே "கமாக்கா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

தொடக்கத்தில் பத்து வருஷம் கோர்ட்டில் வேலை. அங்கே பிடித்த பழக்கம் ஒன்று அவளை விடவில்லை. பேசுகிறவர் இரண்டு நொடி சும்மா இருந்தாலே, அடைப்புக்குள் அதையும் எழுதிவிடுவாள்: (மௌனம், நான்கு நொடி). கத்தி யாருடையது என்று கேட்டதும் சாட்சி பட்டென்று பதில் சொன்னானா, கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னானா என்பது அங்கே சிறைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். பதிப்பகத்துக்கு வந்த பிறகும் கட்டுரையாளர்களின் மௌனத்தையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். யாரும் சட்டை செய்யவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அலுவலகத்துக்கு ஓர் இயந்திரம் வந்தது. ஒலிப்பதிவை அதற்குள் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால், எழுத்து தயாராக இருக்கும். திக்கல் இருக்காது. "அது வந்து", "அதாவது" எதுவும் இருக்காது. மௌனம் இருக்கவே இருக்காது. மேலாளர் அதைப் பார்த்து, சலவைக்குப் போட்ட சட்டை திரும்பி வந்ததைப் போலப் பூரித்தார். எழுத்தாக்கப் பிரிவில் இருந்த ஐந்து பேரில் நாலு பேரை மாலை போடாமல் அனுப்பிவைத்தார்கள். இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்கக் கமாக்காவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆக, இயந்திரத்துக்கு மனம் உண்டா என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டதை எழுதியதும் இயந்திரம்தான். தன்னைப் பற்றி இருபத்தாறு மணி நேரம் பேசியதைக் கேட்டும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அடக்கம் அந்த அரங்கில் வேறு யாரிடமும் காணப்படவில்லை.

கமாக்காவுக்குத் தத்துவத்தில் ஆர்வம் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி அவள் வீட்டில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில், கால்மேல் போர்வையோடு உட்கார்ந்திருந்தது.

அவள் கணவர் முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதுதான் அவர் பிழைப்பு. கமாக்காவின் மேசைக்கடியிலும் ஒரு கால்மிதி உண்டு. மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். காலால் பிழைத்த தம்பதி அவர்கள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். வலது கையும் காலும் பாதி திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும், எல்லாரும் காலி செய்த வீட்டில் மறந்துபோன குடை மாதிரி, மிச்சம் நின்றது.

"மெதுவா."

ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் தினம் ஐம்பது தடவை சொன்ன சொல். இப்போது பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். தொலைபேசியில் மகள் வந்தால் "மெதுவா". பால் பொங்கி அடுப்பை அணைத்தால் "மெதுவா". தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரைப் பார்த்தும் "மெதுவா", அது மட்டும் நியாயமாகவே இருந்தது. கூடவே ஒரு தலையாட்டல். யார் என்ன சொன்னாலும், நல்லது நல்லது என்பது போல.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவு ஒன்று இருந்தது. ஆறு மாதப் பயிற்சி, எட்டே இடங்கள். பேச முடியாவிட்டால் பரவாயில்லை, பிறர் பேசுவது புரிய வேண்டும். புரியாதவருக்குக் கற்றுக்கொடுக்க வழியில்லை என்பது விதி. அதற்கொரு சோதனை, இருபது கேள்வி. ஆமாம் என்றால் தலையாட்டினால் போதும். அவர் இருபதுக்கும் ஆட்டினார். இது உங்கள் பெயரா என்றதற்கு ஆட்டினார். கல் தண்ணீரில் மிதக்குமா, ஆட்டினார். நீங்கள் ஒரு பெண்ணா என்றதற்கு மிகுந்த மரியாதையோடு ஆட்டினார். பத்து மார்க் வந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் பத்துதான் வந்திருக்கும்.

பயிற்சியாளர் சின்னப் பெண், கறாரான பெண். இன்னொரு வாய்ப்பு உண்டு, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றாள். அப்போதும் இப்படியே என்றால் இடம் அடுத்தவருக்குப் போகும். கோப்பில் "புரிதல் இல்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள். அன்று மாலை மகள் தொலைபேசியில் நெடுநேரம் ஆறுதல் சொன்னாள். கடைசியில், "அம்மா, அப்பா நம்மகூட இருக்காரு. ஆனா..." என்று நிறுத்தினாள். மௌனம், இரண்டு நொடி என்று கமாக்காவின் தலைக்குள் தானாகவே பதிவானது.

இந்த நிலையில்தான் பதினோரு அறிஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஹெட்போனை மாட்டியதும் ஒவ்வொருவரும் அவள் கணவரைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்தவராகவே அவளுக்குத் தெரிந்தார்.

முதல் சாட்சி ஒரு கணினி அறிஞர். அழைப்பிதழ்ப் படத்தில் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மனம் மனம் என்று நாம் கொண்டாடுவதெல்லாம் அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்கிற வேலைதான். இயந்திரமும் அதைத்தான் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம் என்றார். கமாக்கா வீட்டுக்குப் போய்க் கணவரைப் பார்த்தாள். அடுத்த சொல் எது என்று ஊகிக்க அங்கே ஒரு சிரமமும் இல்லை. அந்தக் கணக்குப்படி உள்ளே ஒன்றும் கிடையாது. ஆனால் எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் மேடம்" என்று மட்டுமே சொல்கிற மேலாளருக்கும் அதே கணக்குதானே என்று தோன்றியபோது, கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாவது சாட்சி ஒரு தத்துவப் பேராசிரியர், பானைக்குள் உட்கார்ந்து பேசுகிற குரல். உள்ளே என்ன இருக்கிறது என்கிற ஆராய்ச்சியே வீண், புரிந்ததுபோல் நடந்துகொண்டால் புரிந்தது என்று பொருள், நடந்துகொள்ளாவிட்டால் இல்லை, தீர்ந்தது விஷயம் என்றார். தன்னைப் பெண் என்று ஒப்புக்கொண்ட மனிதரை நினைத்துக்கொண்டு, கமாக்கா அவர் பேச்சுக்கு ஒரு கமா கூடக் குறைக்காமல் போட்டாள். ஆனால் அவரைப் பிடிக்கவில்லை.

மூன்றாமவர், வயிறு இல்லாத இடத்தில் மனம் இல்லை என்றார். இயந்திரத்துக்குப் பசியில்லை, சாவு பயமில்லை, அதனால் அது யோசிப்பதாகச் சொல்வதெல்லாம் பாவனை. இது ஆறுதலாக இருந்தது. கணவருக்கு வேளாவேளைக்கு நன்றாகவே பசித்தது. ஆனால் அந்தப் பரீட்சையில் எதிர்வீட்டுப் பூனையும் முதல் வகுப்பில் தேறிவிடும் என்பது பஸ்ஸில் வரும்போது நினைவுக்கு வந்து தொலைத்தது.

ஏழாவது ஒலிப்பதிவில் ஒரு நரம்பியல் பேராசிரியை பேசினார். குடும்ப விஷயம் பேசுவது போன்ற தணிந்த குரல். மூளையில் சொற்கள் குடியிருக்கும் தெரு வேறு, யோசனை குடியிருக்கும் தெரு வேறு என்றார். சொற்களை முழுக்க இழந்தவர்கள் கணக்குப் போடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள், போன வழியே வீடு திரும்புகிறார்கள். இயந்திரமோ இதற்கு நேர் எதிர், அதற்குச் சொல் தெரு மட்டும் ஜெகஜோதியாக இருக்கிறது என்றார். கமாக்காவின் கால் தானாக மிதியிலிருந்து எழும்பியது. மறுபடி வைத்தாள்.

கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்: பேச்சே போனவருக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

திரையில் இயந்திரம் எழுதியிருந்த பதில், கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது: "கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது." சாமர்த்தியமான பதில், கைதட்டலுக்கென்றே செய்தது. ஆனால் ஒலிப்பதிவில் அப்படி இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஆறு நொடி. நாற்காலி நகர்ந்தது. ஒரு வாய் தண்ணீர் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் வந்தது. அந்த ஆறு நொடியில் பேராசிரியை யாரோ ஒருவரை நினைத்துக்கொண்டார் என்று கமாக்கா எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.

(மௌனம், ஆறு நொடி) என்று அங்கே எழுதினாள். மேலாளர் எடுத்தார். "புத்தகத்துல மௌனத்துக்கு எதுக்கு மேடம் எடம்? பேப்பர் விக்கிற வெலையில?" என்றார். அவள் மறுபடி போட்டாள். அவர் மறுபடி எடுத்தார்.

அன்று சாயங்காலம் கணவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, இருபது கேள்வி கேட்டாள். நாம இருக்கறது மூணாவது மாடிதானே? நமக்கு ரெண்டு பிள்ளைங்கதானே? இருப்பது ஒரே மகள். எல்லாவற்றுக்கும் தலையாட்டல், எல்லாவற்றுக்கும் "மெதுவா". மறுநாள் அலுவலகத்தில், யாரும் பார்க்காத நேரத்தில், கொஞ்சம் வெட்கத்தோடு அதை இயந்திரத்திடம் கொடுத்தாள். பதினோரு அறிஞர்களைச் சமாளித்த இயந்திரம், நம் வீட்டு விஷயத்தில் ஏதாவது கண்டுபிடிக்காதா என்கிற சபலம்.

இருபது கேள்வியும் அச்சுக் கோத்தது போல வந்தன. பதில்கள் இருக்க வேண்டிய இடங்கள் காலி. கீழே ஒரு குறிப்பு: திரும்பத் திரும்ப வரும் சொல் நீக்கப்பட்டது.

கமாக்கா அழவில்லை. அலுவலகத்தில் அழுதால் ஆளாளுக்கு டீ வாங்கிவந்து நிற்பார்கள், அது அழுகையைவிடச் சங்கடம். ஹெட்போனை மாட்டினாள், மிதியில் காலை வைத்தாள், தானே தட்ட ஆரம்பித்தாள், கோர்ட்டில் தட்டியது போல. கேள்வி. பதில். நடுவில் எத்தனை நொடி.

ஆறாவது கேள்வியில் கை மெதுவானது. பத்தாவதில் நின்றது. முதலிலிருந்து பார்த்தாள். மூன்றாவது மாடி என்று உள்ளதைக் கேட்ட இடத்தில் "மெதுவா" உடனே வந்திருந்தது. இரண்டு பிள்ளைகள் என்று இல்லாததைக் கேட்ட இடத்தில் (மௌனம், மூன்று நொடி). அவள் அலுவலகம் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றதும் உடனே. அவள் நன்றாகப் பாடுவாள் என்றதும் மூன்று நொடி, கொஞ்சம் கூடவே இருக்கும். இருபதில் பதினேழு அப்படி.

மூன்று நொடி. அதை அவள் வேறெங்கோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் அவள் அவருடைய மாணவி. அவர் சரித்திரத்திலேயே மோசமான மாணவி. லைசன்ஸ் தேர்வில் நாலு தடவை தோற்றாள். ஐந்தாம் தடவைக்குள் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பிரச்சினையையே ஒழித்தாள். பயிற்சியில் ஒரு நாள் இடதுபக்க விளக்கைப் போட்டுவிட்டு வண்டியை வலதுபக்கம் திருப்பினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் "மெதுவா" என்று பிரேக்கை மிதித்தார்.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் உடனே சொல்லல?" என்று சண்டைக்குப் போனாள்.

"மூணு எண்ணுவேங்க. அதுக்குள்ள அவங்களே கண்டுபிடிச்சுட்டா ஆயுசுக்கும் மறக்காது. கண்டுபிடிக்கலன்னாதான் நான் வாயத் தொறப்பேன்."

"மூணு எண்ணறதுக்குள்ள லாரி வந்துட்டா?"

"அப்ப ரெண்டு எண்ணுவேன்."

தலையாட்டல் பதிலே இல்லை என்பது கமாக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அது தொழில் மரியாதை. ஸ்டியரிங்கைப் பிடித்த மாணவர் பயந்துவிடக் கூடாது என்று முப்பது வருஷமாக எல்லாருக்கும் ஆட்டிய தலை. நீங்கள் ஒரு பெண்ணா என்று அந்தப் பயிற்சியாளர் கேட்டபோது அவர் என்ன நினைத்திருப்பார்? பாவம், புதுசு, தானே சரி பண்ணிக்கொள்ளும் என்று மூன்று எண்ணிக் காத்திருந்திருப்பார். அவள் சரி பண்ணிக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் தப்பு போட்டாள்.

இரண்டாவது சோதனைக்கு, தட்டிய நாலு தாளையும் எடுத்துக்கொண்டு போனாள் கமாக்கா. பயிற்சியாளர் நின்றுகொண்டே படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்டு ஆளுங்க கேக்கும்போது கேள்வியிலயே பதில் இருக்கும். பொய்யா ஒண்ணு கேட்டா உங்க குரல் மாறும். அவர் அதுக்குத் தயங்கியிருக்கலாம், அர்த்தத்துக்கு இல்ல" என்றாள்.

குரல் எப்படியெல்லாம் மாறும் என்று கமாக்காவைவிட யாருக்குத் தெரியும்? "சரிம்மா, நீங்களே கேளுங்க. நான் திரும்பி உக்காந்துக்கறேன்" என்றாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை போல. எதிரே நாக்கையும் பல்லையும் காட்டும் வெட்டுப்படம் ஒன்று தொங்கியது. பின்னால் பயிற்சியாளர் தாளைவிட்டுத் தலை நிமிராமல், வங்கியில் டோக்கன் எண் கூப்பிடும் குரலில் கேட்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கைப்பேசியில் நொடியளந்தாள். இந்த அறையில் ஜன்னல் இருக்கு. "மெதுவா." மீன் மரத்துல வாழும். மௌனம். கமாக்கா நகத்தால் நாற்காலியின் கையில் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. "மெதுவா." ஒன்பதாவதில் பிசகியது, பனிக்கட்டி குளிர்ச்சியா இருக்கும் என்பதற்கும் மூன்று நொடி. பதின்மூன்றில் மறுபடி. களைத்துவிட்டார் என்பது மூச்சிலேயே தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை.

பத்தொன்பதாவது. "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை."

ஒன்று, இரண்டு, மூன்று.

"மெதுவா."

பேனா தாளில் பெருக்கல் குறி கீறும் சத்தம். கமாக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் கைப்பேசியை நிறுத்தும் சின்னச் சத்தம். அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. இந்தத் தடவை மௌனம் பயிற்சியாளருடையது. பழக்கதோஷம், கமாக்கா அதையும் எண்ணினாள். ஐந்து நொடி.

"சாரி சார்," என்றது அந்தக் குரல், டோக்கன் கூப்பிடுவதை விட்டுவிட்டு. "புதன்கிழமை. நான்தான் தப்பா எழுதிட்டு வந்திருக்கேன்."

கமாக்கா திரும்பினாள். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், நல்லது நல்லது என்று. தானே கண்டுபிடித்த மாணவியை வேறெப்படிப் பார்ப்பார்?

இருபதில் பதினெட்டு. படிவத்தில் ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. பயிற்சியாளர் ஓரத்தில், தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, குறுக்குவாக்கில் நெடுநேரம் எழுதினாள். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு வந்துவிடுங்கள், தாமதமாக வந்தால் எனக்குப் பிடிக்காது என்றாள். அவர் அதற்கும் ஆட்டினார். "மெதுவா" உடனே வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் கமாக்கா அந்தப் பக்கத்தை மேலாளர் முன் வைத்து, ஆறு நொடியை ஏழாவது தடவையாக எழுதியிருப்பதைக் காட்டினாள். அங்கேயே நின்றாள். அவர் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு நொடி ஆகியிருக்கும். "இருக்கட்டும் மேடம்" என்றார். சிவப்புக் கண்ணாடிக்காரரின் கணக்குப்படி, மேலாளருக்கு மனம் உண்டானது அந்த வியாழக்கிழமை பதினொன்றே காலுக்கு.

அன்று சாயங்காலம் கமாக்கா கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே தெருவில் ஒருவன் காரை இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான். இருவரும் கொஞ்ச நேரம் அதைத் தொழில்முறையில் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னங்க," என்றாள். "அஞ்சாவது தடவையும் போயிருந்தா நான் லைசன்ஸ் வாங்கியிருப்பேன்தானே?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். தலை மெல்ல ஆடியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தும் போயிற்று. கமாக்காதான் முதலில் சிரித்தாள்.

"மெதுவா," என்றார் அவர்.